தினமும் பிறந்தவர்கள்

அண்ணே, இன்று பாக்கார் ஆராங்கில் என் அலுவலகத்தில் ஒரு படிவத்தில் பிறந்த ஆண்டை மட்டும் தட்டினேன். நாளும் மாதமும் தாமாக வந்து உட்கார்ந்தன: இன்றைய தேதி. பக்கத்து மேசைக்காரர் நிரலில் பிழை என்று பதறினார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

அப்போது பாடாங் மேஹா ரப்பர் தோட்டக் கோயிலுக்கு நீங்கள் செயலாளர். உங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்த குற்றத்துக்கு நான் கோயிலுக்குக் கணினி நிரல் எழுதுபவன். அன்றன்று பிறந்தநாள் காண்பவர்களின் பெயர்களை நிரல் காலையில் குருக்களுக்கு அனுப்பும். அவர் அர்ச்சனையில் வாசிப்பார். முதியவர்கள் பலருக்கு ஆண்டு மட்டுமே தெரியும். ஐசி அடையாள அட்டையில் உள்ள தேதியைப் போடலாம் என்றேன்.

"அது கிராணி போட்ட தேதிடா. காலியா விடு லா."

விட்டேன். வெற்றிடத்தைக் கண்ட நிரல், அன்றன்றைய தேதியை எடுத்து நிரப்பிக்கொண்டது. பிறப்புகளைப் பதிந்த எழுத்தர், அந்தக் காலத்துத் தோட்டக் கிராணியும் இதைத்தான் செய்திருப்பார். ஆனால் ஒருமுறைதான் செய்தார்.

மூன்றாம் நாள் குருக்கள் கூப்பிட்டார். "என்ன தம்பி, அதே நாப்பது பேரும் தினமும் பொறக்குறாங்களா?"

நீங்கள் சிரித்து ஓயக் கால்மணி நேரமானது. ஒரே வரியில் திருத்திவிடலாம் என்றேன்.

"திருத்து. ஆனா பாப்பாத்தி அக்காகிட்ட நீதான் போய்ச் சொல்லணும்."

பால்மரம் வெட்டி ஓய்ந்த அக்கா, ஆயுளில் முதன்முறையாகத் தன் பெயர் சன்னதியில் வாசிக்கப்பட்டதைக் கேட்டு, மூன்று நாளும் பட்டுச்சேலையில் வந்திருந்தார். பிழை போனால் அவருக்குப் பிறந்தநாளும் போய்விடும். இருவருமே போனோம். வாசலில் நின்று நிரலின் இயல்பை விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நான் பொறக்கலையா தம்பி?"

"பொறந்தீங்கக்கா," என்றீர்கள். "எந்த நாள்னு நீங்களே சொல்லுங்க."

அக்கா யோசித்தார். "நேத்து நல்லா இருந்துச்சு. வடை மொறுமொறுன்னு. நேத்தையே போட்டுக்க."

மற்றவர்களையும் அப்படியே கேட்டோம். ஒருவர் டுரியான் சீசன் என்றார். அவரோடு பேரம் பேசி ஒரு தேதிக்குக் கொண்டுவந்தீர்கள். கடைசியில் உங்கள் கட்டம் மட்டும் காலியாக நின்றது.

"எனக்கு அப்படியே விடுடா. தினமும் வருது. எதுக்கு ஒண்ணாக் குறைக்கணும்?"

இப்போது உங்கள் இறப்புச் சான்றிதழில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் பிசகில்லாமல் இருக்கின்றன. குருக்களுக்குப் போகும் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டேன், அதுதான் முறை. என் கணினியில், உங்கள் ஒருவருக்கு மட்டும், அந்தப் பிழையைத் திருத்தவில்லை. காலையில் திறந்தால் இன்று உங்களுக்குப் பிறந்தநாள் என்கிறது. வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.