ஜூலை மாதத்தின் இருபத்துமூன்று நாட்கள்

பாஹோ ஓந்தோ, ஆகஸ்ட் 9

அன்புள்ள மகன் எவாரிஸ்தோவுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சுகம். ரொசாரியோவில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், நீ எழுதினால்தானே தெரியும். இந்தக் குளிர்காலத்தில் இங்கே பத்து நாளாகப் பனி. இன்று காலை ஒன்பது மணிக்குத் தரையில் பதினேழு சென்டிமீட்டர், உருக்கிய நீர் 11.4 மில்லிமீட்டர். இரண்டு ஆடுகள் செத்தன. மற்றபடி குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேச்சை முடிக்காமலே வைத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். வானிலை அலுவலகத்திலிருந்து கிரிசெல்தா வந்து நான் தினமும் மழையும் பனியும் அளந்து எழுதிய பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றினாள். 1998 ஜூலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "எர்சிலியாம்மா, பனி இவ்வளவு ஒழுங்கா விழாதே" என்றாள். பித்தப்பை அறுவைக்கு நான் மருத்துவமனையில் கிடக்க, எனக்குப் பதிலாக நீ அளந்து எழுதிய நாட்கள் அவை. இருபத்துமூன்று நாளும் 5.0, 10.0, 15.0, நடுவில் சில பூஜ்யம். ஒரே பேனா, ஒரு ஈரக்கறைகூட இல்லை. பதினான்காம் தேதி 5.0 என்று இருக்கிறது. அன்றுதான் பக்கத்து வீட்டு அபுந்தியோவின் ஆட்டுக்கொட்டகை பனிப் பாரத்தில் இடிந்தது. அவரைக் கேட்டேன். "அஞ்சு மில்லிமீட்டருக்கே விழுந்துச்சா? அப்போ கூரை போட்ட என்னைத் திட்டு, பையனை விடு. அந்தப் பனி உருகிக் கடல்ல சேந்து இருபத்தாறு வருஷமாச்சு" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முற்றத்தில் பனி சேரும் அளவு வாளியை உள்ளே கொண்டுவந்து, அளந்த வெந்நீர் ஊற்றிப் பனியை உருக்கி, ஊற்றிய வெந்நீரைக் கழித்து எழுத அரைமணி நேரம் ஆகுமா? உனக்கு அப்போது பதினெட்டு வயது. மூன்றாம் வகுப்போடு நின்ற நான் தசமப் புள்ளிக்கணக்கைத் தனியாகக் கற்றேன், உனக்கும் கற்றுக்கொடுத்தேன். திரும்பி வந்ததும் ஊர் முழுக்க உன்னைப் பெருமையாகச் சொன்னேன், அதுதான் இப்போது உறுத்துகிறது.

ஐம்பத்திரண்டு வருடம் ஒரு நாளும் அளவு விடாத வானிலை நிலையம் என்று எங்களுக்குப் பட்டயம் தரப்போகிறார்களாம். அடுத்த நிலையத்து அளவைப் பார்த்துச் சரிக்கட்டிவிடலாம் என்கிறாள் கிரிசெல்தா. நல்லவள்தான். ஆனால் வேறு பள்ளத்தாக்கில் விழுந்த பனியை என் புத்தகத்தில் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்களை அளவு இல்லை என்று அடிக்கச் சொல்லப்போகிறேன். பட்டயம் போகட்டும். "விடும்மா, யாரு பாக்கப்போறா" என்றாய். நான் பார்த்துவிட்டேனே.

இருபத்துமூன்று தேதிகளையும் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உண்மையாகவே வாளியைத் தூக்கிவந்து அளந்த நாள் ஏதாவது இருந்தால் அதன் எதிரே மட்டும் குறி போடு. நீ குறி போட்டதை நான் அடிக்க விடமாட்டேன், யார் சந்தேகப்பட்டாலும் சரி. ஒன்றுமே இல்லையென்றால் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு.

மூவருக்கும் என் ஆசிகள், கன்னி மரியாள் துணையிருக்கட்டும். நெஞ்சுச்சளியோடு ஈரக்காற்றில் திரியாதே. முப்பதாம் தேதிவரை அலுவலகத்துக்கு எழுதாமல் பொறுத்திருப்பேன். நினைவில்லாத நாளுக்குக் குறி போடாதே.

உன் அம்மா,
எர்சிலியா