மாசம் நாலு வள்ளம்

இது யார் கையில் கிடைத்தாலும் ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம். அப்பாவுக்குக் கூடவே கூடாது. எடுத்த இடத்திலேயே, கம்புக் குதிருக்குப் பின்னால், வைத்துவிடுங்கள். காலில் விழுகிறேன்.

ஆவணி 4, வியாழன்

மழை இல்லை. மேல்காத்து, கண்ணெல்லாம் மண். கணக்கில் 50க்கு 46.

நேற்று அப்பா நாமக்கல்லிலிருந்து பத்திரம் எழுதி வாங்கி வந்தார். ராஜா தலை போட்ட முத்திரைக் காகிதம். சின்னம்மா கைநாட்டு வைக்க வேண்டுமாம். சித்தப்பா செத்து இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. அவர் பங்கு இரண்டு ஏக்கரைச் சின்னம்மாதான் பாடுபட்டுச் சாப்பிடுகிறாள்.

புரியாத சொற்களுக்கு டீச்சரிடம் அர்த்தம் கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை.

ஷை – மேலே சொன்ன
பாத்தியதை – உரிமை
ஆயுள் பரியந்தம் – சாகிற வரைக்கும்
ஜீவனாம்சம் – உயிர் வைத்திருக்கக் கொடுப்பது
விடுதலைப் பத்திரம் – தன் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதுவது

டீச்சர் சிரித்தார். "வக்கீலாகப் போறயா?"

ஆவணி 6, சனி

தம்பி பெண்டாட்டியோடு அப்பா நேரில் பேசுவதில்லை, வழக்கம் அப்படி. நான் நடுவில் நின்று சொல்வேன். நிலத்தை விட்டால் மாசம் நாலு வள்ளம் கம்பு (ஒரு வள்ளம் நாலு படி), சாகிற வரைக்கும். அதுதான் பேச்சு.

சின்னம்மா சொன்னாள்: "சாமி, காயிதத்த நீ படி. நீ படிச்சாத்தான் ரேகை வெப்பேன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு."

பத்திரத்தில் இருப்பது: மாசம் 1க்கு கம்பு படி 4.

தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை.

"அந்த எடத்துல வள்ளம்னு படிச்சுரோணும் அம்மிணி. ஒத்த வாயி, என்னத்தத் தின்னுருவா? படிக்கையில தடுக்குனயின்னா திங்கக்கெழமையிலிருந்து பள்ளிக்கூடம் கெடையாது. எருமை மேய்க்கப் போ."

மூன்று தரம் படிக்க வைத்தார். முதல் தரம் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். புளியம் விளாரால் அடி, முழங்கால் பின்னால். மூன்றாம் தரம், "கிளி மாதிரி படிக்கறா" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதவே வெட்கம்.

கணக்கு: சின்னம்மாவுக்கு ஒரு நாளைக்கு அரைப் படி. நாலு வள்ளம் 16 படி, 32 நாள். நாலு படி, 8 நாள்.

ஆவணி 8, திங்கள்

வண்டியில் நாமக்கல். வழியில் சின்னம்மா கடலைக்காய் உரித்து என் வாயில் போட்டுக்கொண்டே வந்தாள்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் படித்தேன். வள்ளம் என்ற இடத்திலும் நாக்குத் தடுக்கவில்லை.

உள்ளே ரிஜிஸ்தர் ஐயா சின்னம்மாவைக் கேட்டார்: "படிச்சுக் காட்டினாங்களா? புரிஞ்சுதா?"

"எங்க சாமி படிச்சுதுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளை பொய் படிக்குமுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும். இடது பெருவிரலில் மை. நகல் ஒன்று சின்னம்மாவுக்கும் கொடுத்தார்கள். மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாயிற்று.

புரட்டாசி 8, வியாழன்

வெயில். முதல் அளவை. அப்பா என்னையே அளக்கச் சொன்னார். சின்னம்மா பெரிய சாக்கு கொண்டு வந்திருந்தாள்.

"சாமி, அது படியாச்சே. வள்ளத்த எடு."

அப்பா மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "எழுதுனது எதுவோ அதுதான்னு சொல்லு அம்மிணி. சந்தேகமுன்னா படிச்ச புள்ளையவே கேக்கச் சொல்லு."

சின்னம்மா என்னைப் பார்த்தாள். "வள்ளம்னுதானே சாமி படிச்சே?"

"நெனப்பில்லீங் சின்னம்மா."

நாலு படி போட்டேன். சாக்கின் மூலைகூட நிறையவில்லை. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள்.

புரட்டாசி 17, சனி

சரித்திரப் பரீட்சை. நன்றாக எழுதினேன்.

எட்டு நாள் நேற்று முன்தினமே முடிந்தது. நேற்றும் இன்றும் சின்னம்மா வீட்டுக் கூரையில் புகை இல்லை. அம்மாவிடம் சொன்னேன்.

"பெரட்டாசிச் சனி. ஒருசந்தி வெரதம் இருப்பா" என்றாள். அப்பா சிரித்ததில் புரை ஏறிவிட்டது.

என் சோற்றில் பாதியை உருண்டை பிடித்து ஒளித்தேன். அம்மா பார்த்துவிட்டாள். நாய்க்குப் போட்டாள்.

இப்போது குதிர் அறையில் விளக்கைச் சின்னதாக வைத்து எழுதுகிறேன். இன்னும் 21 நாள் இருக்கிறது அடுத்த

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இல்லை, அவர் தட்டமாட்டார். விரல் கணுவால், மெதுவாக.

"சாமி, முழிச்சிருக்கறயா? சோறு கேக்க வல்லெ. காயிதங் கொண்டாந்திருக்கறன். படிங்கற எழுத்து எது, வள்ளங்கற எழுத்து எது, தொட்டு மட்டுங் காட்டு. நாங் கத்துக்கறன்."

அந்தப் பக்கம் அப்பா கட்டில் கிரீச்சிடுகிறது. நான் கதவை