யாரிடமும் இல்லாத மீன்

கோட்டையூர், 10-3-1974

விடியுமுன்னே இவர் மண்டபம் கடற்கரைக்குப் போய்விட்டார். மீன் வாங்க. குழம்புக்கு அல்ல, கண்ணாடித் தொட்டிக்கு. காலேஜ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற மனுஷன், வீட்டிலும் ஒரு கடலைக் கட்டி வைத்திருக்கிறார். அடியில் பவளப்பாறைத் துண்டு, மேலே கடல் தண்ணீர், ராவும் பகலும் குமிழி விடுகிற மோட்டார். கலியாணமாகி நாலு மாதம். மீனிடம் பேசுகிற அளவுக்கு என்னிடம் பேசினால் நான் ஏன் நோட்டில் எழுதப்போகிறேன்?

கடல் தண்ணீர் சேர்த்து வைத்திருந்த பீங்கான் ஜாடியை மாமியார் மாங்காய் ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டார். "ஒங்கப்பன் சீரா குடுத்த செம்பு அண்டா சும்மாதான கெடக்கு முத்தழகு, அதுல ஊத்தி வையி" என்றார். என் சீர்ப் பாத்திரம் ஒன்று புழக்கத்துக்கு வருகிறதே என்று எனக்கும் சந்தோஷம்தான்.

17-3

நேற்றுத் தொட்டிக்குப் பாதித் தண்ணீர் மாற்றினார். இன்று வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் செத்து மிதந்தது.

21-3

இன்னும் இரண்டு போயிற்று. மாமியார் பக்கத்து வீட்டு அழகியிடம் சத்தமாகவே சொன்னார்: "இவ காலடி வச்ச நேரம், தையில கன்னுக்குட்டி போச்சு. இப்ப மீனு." கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் வந்தது. அதைக் கொடுத்தது நானா?

இவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

25-3

ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஏப்பா சேவுகா, இன்னொரு மீனு வாங்கியா. அதுவும் செத்துச்சுன்னா இவளக் கொத்தமங்கலத்துல அவ அப்பன் வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வா. ராசியில்லாதவள வச்சுக்கிட்டு நான் மாடுகன்ன இழக்க மாட்டேன்."

இவர் தலையை ஆட்டினார். ஆமென்றா, இல்லையென்றா? எனக்குத் தெரியவில்லை. என் வாழ்வு ஒரு மீனிடம் போய் நிற்கிறது!

30-3

எந்த மீன் என்று இரண்டு நாளாகப் பேச்சு. யாரிடமும் இல்லாதது இவருக்கு வேண்டும். சாகாதது எனக்கு வேண்டும்.

"பட்டாம்பூச்சி மாதிரி ஒண்ணு. பவளத்தத்தான் கொத்தித் தின்னும், வேற எரை தொடாது" என்றார். வேண்டாம், அது பட்டினியில் செத்தால் பழி எனக்கு. "விசிறி விசிறியா முள்ளு வச்சது ஒண்ணு இருக்கு. கூடக் கெடக்குற சின்ன மீனையெல்லாம் முழுங்கிரும்." "முழுங்கட்டுமே. அது சாகாதுல்ல?" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கடைசியில் அவர் மனசு பெட்டி மீனில் போய் நின்றது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, தீப்பெட்டி மாதிரி மூலைகள். எதையும் தின்னுமாம். ஆனால் மிரண்டால் விஷத்தைக் கக்கித் தானும் செத்துப்போகுமாம். இந்த வீட்டில் மிரளாமல் இருக்க அதனால் ஆகுமா? என்னாலேயே ஆகவில்லையே!

7-4

மீன் வந்துவிட்டது. இந்த முறை கல், பாறை எல்லாம் கழுவி, தண்ணீர் முழுவதையும் புதிதாக விட்டார்.

8-4

அடுப்படியில் ஒரு கரண்டிகூடக் கீழே விழாமல் பார்த்துக்கொள்கிறேன். மத்தியானம் மாமியார் சருவச்சட்டியை நங்கென்று வைத்தார். மீன் பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. வேண்டுமென்றே வைத்தாரா?

9-4

அண்டாவைத் தேய்க்கக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு! ஈயம் பூசாத செம்பில் புளியும் மோரும் வைக்கக் கூடாது என்று தெரிந்த எனக்கு உப்புத் தண்ணீரும் கூடாது என்று உறைக்கவில்லையே. அந்த விஷத்தில் மீன் எப்படிப் பிழைக்கும்? ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். திகைத்துப்போவார் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்" என்றார்.

கடைசி மீன் செத்த அன்றைக்கே தெரியுமாம். அதனால்தான் இந்தத் தடவை தண்ணீரைக் காலேஜ் கண்ணாடி ஜாடிகளில் கொண்டுவந்தாராம்.

"பெறகு ஏன் அத்தைகிட்ட சொல்லல?"

"அண்டாவுல ஊத்தச் சொன்னதே அம்மாதான. சொன்னா மனசு சங்கடப்படுவாக."

அவுக மனசு சங்கடப்படக் கூடாது. அப்ப நான்? நான் யாரு இந்த வீட்ல? கரண்டி விழுந்தா உசுரு போயிருமேன்னு கெடந்தேனே — அதையும் பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு? ச்சீ.

14-4

சித்திரை முதல் நாள். மீன் நன்றாகத் தின்கிறது. மாமியார் தெருவெல்லாம் "ராசி திரும்பிருச்சு" என்கிறார். என் பாயசத்தில் இன்று முந்திரி கிடந்தது. இனி என்னை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். நானே துணிமணியை எடுத்து வைத்துவிட்டேன்.

"நடந்தத அத்தைகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு கொத்தமங்கலம் வாங்க" என்றேன்.

"மீனுதான் பொழச்சிருச்சே."

"நான் பொழைக்க வேணாமா?"

கொத்தமங்கலம், 28-4

மத்தியானம் இவர் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருக்கிறார்.

"அம்மாட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"ராசியுமில்ல ஒரு மண்ணுமில்ல, அண்டாதான்னு. அதுல ஊத்தச் சொன்னது நீங்க, தெரிஞ்சும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தது நானுன்னு."

நம்பலாமா? அம்மா எதிரே இருமக்கூட யோசிக்கிற மனுஷன் இவர்.

"அத்தை என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. அன்னையிலருந்து எனக்குச் சோறு போடல."

அப்படியென்றால் நிஜமாகவே சொல்லியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. என் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தது. இலை போட்டு உட்காரச் சொன்னேன். சோறு கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மோருக்கு வரும் வரைக்கும் மீன் பேச்சையே எடுக்கவில்லை.