ஏழு முத்திரையும் ஒரு பெல்ட்டும்

சுபாமே
ஜூன் 9

அன்புள்ள அகானேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மழைக்காலம் தொடங்குமுன்பே அவளுக்கு முழங்கால் வலி மட்டும் வந்துவிட்டது. லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் செய்தி, நான் ஜெயித்துவிட்டேன். எங்கள் கரண்டித் தொழிற்சாலையில் தகட்டை அழுத்தி வடிக்கும் மூன்றாம் நம்பர் பிரஸ் இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. புது பெல்ட் வாங்கும் விண்ணப்பத்தில் ஏழு பேர் முத்திரை குத்த வேண்டும், அது பதினோரு நாளாக ஐந்தாவது மேஜையைத் தாண்டவில்லை. பிரஸ்ஸில் வேலை செய்யும் நான்கு பெண்களும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு முத்திரையை இரண்டாக்குங்கள் என்று யோசனைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டுக்கும் ஏழு முத்திரை வேண்டுமாம்! பிரிவுத் தலைவர் நெசு அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். விஷயத்தில் குறை இல்லையாம், என் பெயர் செதுக்கிய முத்திரை நேராக நிற்கிறதாம். "குவாபரா ஐயா, மேலதிகாரி முத்திரையைப் பாத்துக் கும்பிடுற மாதிரி கொஞ்சம் இடப்பக்கமா சாய்ச்சுக் குத்துங்களேன், நாங்கல்லாம் அப்படித்தானே செய்யறோம்" என்றார். "என் முதுகு குனியும் தலைவரே, என் பேரு குனியாது" என்றேன். "சரி, யோசிக்கிறோம்" என்றார். அப்படிச் சொன்னால் மாட்டோம் என்று அர்த்தம், உனக்கே தெரியும்.

நடுநிலைப் பள்ளியோடு படிப்பை விட்டவன்தான், ஆனால் எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். விண்ணப்பம் எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்று ஒரு தாளில் எழுதி, நின்றுபோன பிரஸ்ஸின் மேலேயே ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை காலை பட்டறையைச் சுற்றி வந்த முதலாளி அதைப் படித்தார். உடனே புது விண்ணப்பம் ஒன்றை எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு மேஜை மேஜையாக அவரே நடந்தார். ஏழு முத்திரைக்கும் சேர்த்து நான்கு நிமிடம்! மீதி நாளெல்லாம் காகிதம் தூங்கியிருக்கிறது. நெசு இடுப்பு ஒடிகிற அளவுக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். "குனிஞ்சது போதும்ப்பா, பெல்ட்டுக்குப் போன் போடு" என்றார் முதலாளி. என் சீட்டைக் காட்டி, "இதை நான் யோசிக்கப் போறதில்ல, செய்யப் போறேன்" என்றார். மறுநாள் பத்து மணிக்கு பெல்ட் வந்தது, மதியச் சாப்பாட்டுக்குள் பிரஸ் ஓடியது. இப்போது விண்ணப்பத்தில் இரண்டே முத்திரைக் கட்டம்தான். நெசு வீட்டுக்கு அரிசி முறுக்கு வாங்கிக்கொண்டு போய்ச் சமாதானம் பேசச் சொல்கிறாள் உன் அம்மா. முறுக்கை நானே தின்றுவிட்டேன்.

நாய்போலச் சுலபமாகப் பிரசவமாகும் என்று நம்பும் நாய்நாளன்று, அம்மா கோயிலில் வாங்கிய கர்ப்பிணிகளுக்கான வயிற்றுப்பட்டை பார்சலில் வருகிறது, கட்டிக்கொள்ள மறக்காதே. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடாதே. அங்கே வர நான் போட்ட விடுப்பு விண்ணப்பத்துக்கு இன்னும் ஐந்து முத்திரை வேண்டியிருக்கிறது. உனக்குப் பிரசவம் அக்டோபரில். அதற்குள் அதையும் ஒன்றாக்கிவிட்டு நான் அங்கே வந்து நிற்பேன்.

தாயும் சேயும் தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அப்பா,
குவாபரா தோகுஜி