கண்ணை மூடாமல் கும்பிடுவது

இன்று காலை சாமான் அறையில் புது மழைக்கோட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, பழையவற்றுக்கு அடியில் உன் பச்சைக் கோட்டு கிடைத்தது. முதுகுப் பக்கம் கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டி நீயே ஒட்டுப் போட்டிருந்தாய். எடுத்து உதறினேன். புழுங்கிய ரப்பர் வாசனையோடு லேசாகச் சாம்பிராணி வாசனையும் வந்தது. இத்தனை மழையில் நனைந்த பிறகும் அது போகவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். "ஒனக்கு மூக்கு எப்பவும் ரெண்டு முழம் நீளம்டி" என்பாய். வாசனை கோட்டில் இருந்ததா என் மூக்கில் இருந்ததா என்று நான் ஆராயவில்லை. யாத்திரை சீசன் தொடங்கப் போகிறது, வேலை கிடக்கிறது.

நோர்வூட் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். பிறகு ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து சண்டை போட்டோம். நல்லதண்ணியிலிருந்து மலைக்கு ஏறும் பாதையும் அதன் இருபுறமும் உள்ள அரசாங்கக் காணியும் நம் பொறுப்பு. யாத்திரைக்காரர்கள் வருவதற்குள் காடு வெட்ட வேண்டும், மழைத்தண்ணீர் ஓடும் கான்களைத் துப்புரவாக்க வேண்டும், படிகளில் பாசி சுரண்ட வேண்டும். நான் அந்த வேலையை முடித்துக் காட்ட வேண்டிய மேற்பார்வையாளர். நீ, வேலை செய்கிறவர்கள் முழுசாக வீடு போய்ச் சேர்கிறார்களா என்று பார்க்கும் பாதுகாப்பு உத்தியோகத்தர். நான் முடுக்குவேன், நீ நிறுத்துவாய். மத்தியானம் இடி உறுமினால் நிறுத்துவாய். படி வழுக்கினால் நிறுத்துவாய். கையுறை போடாதவனைக் கண்டால் அவனை மட்டுமல்ல, அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனையும் நிறுத்துவாய். உன்னால் தாமதமான நாட்களுக்கெல்லாம் மேலிடத்தில் பேச்சு வாங்கியது நான்தான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வதை முதலில் கவனித்தவளும் நீதான். காட்டுக்குள் ஒதுங்க வெட்கம், அட்டைக்குப் பயம். மற்ற எங்களுக்கு அது பழகிப்போன காட்சி. நீ நான்கு கம்பு நட்டு, படங்குச் சீலை சுற்றி, ஒரு மறைப்பு கட்டினாய். வேலை நகர நகர அதையும் நகர்த்தினாய். நான் அதற்கு "உன் அரண்மனை" என்று பேர் வைத்தேன். "சிரிடி, சிரி. தண்ணி குடிக்காம இருக்கறது தெறம இல்ல, வியாதி" என்றாய். அந்த வருடம் காய்ச்சல், நீர்க்கடுப்பு என்று லீவு கேட்டு வந்த பெண்கள் குறைந்துபோனார்கள். அதற்கு நான் உன்னைப் பாராட்டியதாக ஞாபகம் இல்லை.

குளவி கலைந்த நாளிலும் நீ அந்த அரண்மனைக்குத்தான் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய்.

காட்டில் கத்தி வைக்கும் முன் காவல் தெய்வமான முனிக்குச் சூடம் காட்டுவது நம் ஆட்களின் வழக்கம். தேயிலைத் தோட்டத்தில் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்கு முன்பு செய்தது, அவர்களோடு சேர்ந்து அரசாங்கக் காணிக்கும் வந்துவிட்டது. பாதையோரம் ஒரு பெரிய மரம். அதன் அடியில் மஞ்சள் பூசிய கல். அந்தக் கல்தான் முனி. பூசை போடுபவர் கருப்பையா அண்ணன். முன்பு தோட்டத்தில் இருந்தபோதே ஒருமுறை குளவி கொட்டி, மூச்சடைத்துப் பிழைத்தவர். அந்த மரத்தின் உச்சியில் கூடு கட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. மழையில் சாம்பிராணி ஈரமாகி, எரியாமல் புகைந்தது. போதாது என்று அவர் விசிறி விசிறி இன்னும் தூவினார். காவல் கேட்டு அனுப்பிய புகை நேரே கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் எல்லோரும் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம்.

"ஓடுங்க! மொகத்த மூடிக்கிட்டு ஓடுங்க! அடிக்காதீங்க!" என்று நீ கத்தியது கேட்டது. ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது கருப்பையா அண்ணன் கல்லின் பக்கத்தில் விழுந்து கிடந்தார். நீ கோட்டைக் கழற்றி அவர் தலைமேல் போட்டு, அதன்மேல் நீயும் கவிழ்ந்து, அவரை இழுத்துக்கொண்டு வந்தாய். கோட்டு வேரில் மாட்டிக் கிழிந்தது அப்போதுதான். லொறியில் போகும்போது அவர் உதடு வீங்கி நீலம் பாரித்திருந்தது. உன் கழுத்திலும் கையிலும் கொட்டியதை நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் கவனித்தாய்.

அவர் பிழைத்தார். ஆனால் டாக்டர் நம் இருவரையும் கூப்பிட்டு, இன்னொரு முறை கொட்டினால் இவர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேரமாட்டார் என்று சொல்லிவிட்டார்.

வேலைத்தளத்தில் சூடம், சாம்பிராணி எதுவும் கூடாது என்று மேலிடத்திலிருந்து சுற்றுநிருபம் வந்தது. ஆட்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். வீக்கம் முழுதாக வற்றாத முகத்தோடு கருப்பையா அண்ணன் வந்து நின்றார்.

"மிஸ், முனிக்குக் காட்டாம யாரும் கத்தி வைக்க மாட்டாங்க. நாளைக்கு ஒருத்தனுக்கு ஒன்னு ஆச்சுன்னா அது என் தலைலதான் விடியும்."

"நீங்க காட்டுனா ஒங்களுக்குத்தான் ஆகும், அண்ணே" என்றாய் நீ.

"அது என் விதிங்க."

நான் உன்னைத் தள்ளிக்கொண்டு போய், சுற்றுநிருபத்தைக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குவோம் என்றேன். சீசன் நெருங்கியிருந்தது. நான் சொன்னதில் தவறு இருந்ததாக இப்போதும் நினைக்கவில்லை. நீ தலையாட்டினாய், ஆனால் சம்மதத்துக்கு அல்ல. "சுற்றுநிருபத்தக் காட்டுனா என்ன ஆகும் தெரியுமா? நம்ம கண்ணுல படாம விடியக்காலைல தனியா வந்து கொளுத்துவாரு. விழுந்தா தூக்கறதுக்குக்கூட ஆள் இருக்காது" என்றாய். கூட்டை அகற்றுவதைப் பற்றியும் பேசிப் பார்த்தோம். அந்த உயரத்துக்கு ஏற யாரும் தயாராக இல்லை. இதை எடுத்தாலும் அடுத்த கிளையில் கட்டும் என்றார்கள்.

நீ திரும்பிப் போய்ப் படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"முனி அந்த மரத்தடியிலதான் இருக்கணும்னு யாருண்ணே சொன்னது?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து அங்கதான் இருக்கு."

"அப்ப முனிகிட்டயே கேட்டுருவோம். வெள்ளையும் செவப்புமா ரெண்டு பொட்டலம் பூக் கட்டிப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா கல்லப் பாலத்தடிக்குக் கொண்டாந்துருவோம். பாலம் தொடங்குற அந்த வெட்டவெளில தலைக்கு மேல மரம் இல்ல."

"செவப்பு வந்தா?"

"நீங்க அங்கேயே காட்டுங்க. நானும் ஒங்க பக்கத்துல நிக்கிறேன். கோட்டு, வலைத் தொப்பி ஒன்னும் போடாம."

உன் கையைக் கிள்ளினேன். நீ அசையவில்லை. பாதுகாப்பு உத்தியோகத்தர் பேசுகிற பேச்சா அது? இரவெல்லாம் யோசித்துச் சொன்னாயா, வாய்க்கு வந்ததைச் சொன்னாயா என்று பின்னால் பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொன்னாய். கருப்பையா அண்ணன் உன் கழுத்தில் இருந்த தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பூப் பறிக்கப் போனார்.

பொட்டலம் இரண்டையும் அவரே கட்டி, பாலத்தடியில் வாழையிலைமேல் வைத்தார். எடுத்துத் தருவதற்கு, வெளியாளாக இருக்கட்டும் என்று தேநீர்க் கடை நடத்தும் சிங்கள அக்காவைக் கூப்பிட்டோம். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை. ஆட்கள் "சாமி சம்மதிச்சிருச்சு" என்று சத்தம் போட்டார்கள். நல்லதா கெட்டதா என்று கடைக்கார அக்கா சிங்களத்தில் கேட்டார். "ஹொந்தாய் அக்கே, ஹொந்தாய்", நல்லதுதான் என்றாய்.

புகை போடாமல், சத்தம் போடாமல், வலைத் தொப்பி போட்ட இரண்டு பேர் கல்லை எடுத்து வந்தார்கள். நீ அதோடு விட்டாயா? பாலத்தடியில் முதல் சூடம் ஏற்றும் முன் எல்லோரையும் நிறுத்தினாய். "கும்பிடுறப்ப கண்ண மூடாதீங்க. மொதல்ல மேல பாருங்க, சுத்திப் பாருங்க. அப்புறம் சாமியப் பாருங்க" என்றாய். கண்ணைத் திறந்துகொண்டு கும்பிட்டால் வரம் கிடைக்குமா என்று ஒருத்தி கேட்டாள். உயிரோடு வீட்டுக்குப் போவது ஒரு வரம்தான் என்றாய். சிரித்தார்கள். ஆனால் பார்த்தார்கள். அன்றிலிருந்து எந்த இடத்தில் வேலை தொடங்கினாலும் அதுதான் முறை. ஒருமுறை பாறையிடுக்கிலும் ஒருமுறை மின்கம்பத்திலும் கூடு இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

போன வெசாக் பௌர்ணமியோடு சீசன் முடிந்த பிறகு நீ போய்விட்டாய். மார்பில் வந்த புற்று. கண்டிக்கும் நோர்வூட்டுக்குமாக அலைந்தாய், பிறகு அலையவும் முடியவில்லை. கடைசியாகப் பார்த்தபோதும் புது ஆட்கள் காலுக்குச் சப்பாத்து வந்துவிட்டதா என்றுதான் கேட்டாய். உன் சாவு வீட்டில் நான் அழுதேன். வீட்டுக்கு வந்த பிறகு கோபம் வந்தது. சண்டை போட ஆள் இல்லாமல் வேலை செய்வது இவ்வளவு சலிப்பாக இருக்கும் என்று நீ எச்சரிக்கவில்லை.

இன்று கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கருப்பையா அண்ணன் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவர் சாமான் அறையோடு சரி. பூசைக்கு மட்டும் பாலத்தடிக்கு வருவார். கோட்டைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அது மிஸ்ஸோடதுதானே?"

ஆமாம் என்றேன். ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லலைங்க. அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதான் கட்டுனேன்."

சாவுக்குப் பயந்தா என்று கேட்டுவிட்டேன். நான் அப்படித்தான் கேட்பேன் என்று உனக்குத் தெரியும்.

"எனக்கென்னங்க பயம், நான் எப்பவோ போயிருக்க வேண்டியவன். அந்தப் புள்ள கோட்டு இல்லாம என்கூட நிக்கிறேன்னு சொல்லிச்சு. சொன்னா நின்னுரும். அத நிக்க வச்சுப் பாக்க எனக்கு மனசு வரல. முனி கோவிச்சுக்கிட்டா என்னைய கோவிச்சுக்கட்டும்னு கட்டிட்டேன்."

அவரை நீ காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டே போய்விட்டாய். அவர் அன்று உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இதைச் சொல்ல உன்னைத் தேடினேன். தேடி, நீ இல்லை என்பது இன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

கோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். போட்டுக்கொண்டார். கை கொஞ்சம் குட்டை. பாலத்தடிக்கு அப்படியே வந்தார். புது ஆட்கள் சிலர் பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார்கள். "கண்ணத் தொறங்க! மொதல்ல மேல பாருங்க!" என்று ஒரு சத்தம் கேட்டது. என் வாயிலிருந்து வந்த சத்தம் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வானம் மட்டும் இருந்தது. அவர் சூடத்தைப் பற்றவைத்தார்.