ராசிவிரலின் வம்சாவளி

2025 ஜூன் 9, திங்கள்

இன்று எனக்கு எழுபத்தொரு வயது, மூன்று மாதம், நான்கு நாள். பேத்தி பிறந்து ஒரு வாரம். இதயத்தில் ஓட்டை. கட்டைவிரல்கள் மற்ற விரல்களைப் போல நீண்டு, மூன்று கணுக்களோடு இருக்கின்றன, என் மகன் அருண்குமாருக்கு உள்ளதைப் போலவே. அவன் ஓட்டையை விட்டுவிட்டு விரலைக் கொண்டாடுகிறான். "அப்பாரு ராசி அப்படியே எறங்கியிருக்குதுங்கம்மா!"

அப்பாரு என்றால் என் மாமனார் சுப்பண்ணன். 'ராசிவிரல்' பனியன் கம்பெனியின் நிறுவனர். அவருடைய கோணல் கட்டைவிரல்தான் எங்கள் அட்டைப்பெட்டியில் அச்சாகிறது. காதர்பேட்டை மொத்தச் சந்தைக்குப் போகும் முதல் பண்டலில் அருண் சந்தனம் தொட்டு விரல் பதிப்பான். பதித்த சரக்கும் முதல் சலவையிலேயே சாயம் போகிறது. அது ராசியில் சேராதாம்.

ஜூன் 12

மருத்துவர் பிரிசில்லா படம் வரைந்து விளக்கினார். டிபிஎக்ஸ்-5 என்றொரு புரதம். கருவில் மற்ற மரபணுக்களை வேலை வாங்கும் சூப்பர்வைசர். கை, இதயம் இரண்டும் அதன் பொறுப்பு. அதற்குரிய மரபணுவில் பிழை நேர்ந்தால் இரண்டுமே பிசகும். குழந்தையின் ஓட்டையைப் பிறகு அடைக்கலாம், அவசரம் தகப்பனுக்குத்தான். அதே விரல் உள்ளவனுக்கு இதயத்துடிப்பு திடீரென நின்றுபோகலாம்.

அருண் கேட்டான்: "புரோட்டீன் கம்மின்னா பவுடர் குடிச்சாப் போதுமுங்களா டாக்டர்?"

விலங்கியலில் முதுகலை முடித்தவள் பெற்ற பிள்ளை.

ஜூன் 15

பரிசோதனைக்கு மறுத்துவிட்டான். "அப்பாரு இதே வெரலோட தொண்ணூறு வருசம் இருந்தாருங்க. எனக்கென்ன ஆயிரும்?" ஓட்டை மட்டும் மருமகள் பிறந்த மடத்துக்குளத்திலிருந்து வந்ததாம்.

மருமகள் அனுப்பிரியா அழவில்லை. "வெரலுன்னா உங்க வம்சம், ஓட்டைன்னா எங்க ஊட்டுச் சீருங்களா அத்தை?"

நல்ல கேள்வி. என் கணவருக்குச் சாதாரண விரல்தான் என்பதை இதுவரை இங்கே ஒருவரும் யோசித்ததில்லை. யோசிக்க நானும் உதவவில்லை. பேரனுக்கு ராசிவிரல் என்று மாமியார் சர்க்கரை வழங்கியபோது மறுத்துப் பேச எனக்கென்ன பைத்தியமா?

ஜூன் 18

எங்கள் முதலிபாளையம் யூனிட்டில் படியேறும்போது அருண் மயங்கி விழுந்தானாம். வெயில் என்கிறான். காலையிலிருந்து தூறல்.

இன்னும் எதற்குக் காத்திருக்கிறேன்?

ஜூன் 21

அருண் கோவையில் படுத்திருக்கிறான். துடிப்பு இடையிடையே விட்டுப்போகிறதாம். நாளை பேஸ்மேக்கர் பொருத்துகிறார்கள். அவனைக் காரில் ஏற்றியது மருத்துவரின் படமல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் சொல்லாததைச் சொன்னேன்.

"உங்க அப்பாரு வெரலு மெசின்ல சிக்கி ஒடஞ்சு, கோணலாக் கூடுனது கண்ணு. உன்ற வெரலு என்ற அப்பனோடது. நாப்பத்தொண்ணு வயசுல, பஸ்ஸுக்கு நின்னவரு அப்படியே விழுந்து போயிட்டாரு. எனக்கும் இதே வெரலுதான், நெஞ்சு மட்டும் எப்படியோ தப்பிச்சுது. சின்னதுலயே அறுத்துச் சரி பண்ணிப்போட்டாங்க. பொண்ணுப் பாக்க வந்தவங்ககிட்ட அருவா பட்ட தழும்புன்னு சொன்னோம்."