பூ விழுந்த அங்கி

என் பாசமுள்ள மாமு,

மேலே போயும் ராஜாவாகத்தான் உட்கார்ந்திருப்பாய். இங்கே உன் அங்கி எனக்கு வந்துவிட்டது. உன் தொப்பைக்குத் தைத்தது. என்னோடு இன்னொரு ஆளும் உள்ளே நுழையலாம். ஊக்கு குத்திக்கொண்டே அக்கா சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

காசிமேடு மாதா கோயில் திருவிழாவில் நம் நாடகம் வேண்டுமென்று கேட்டதே அவள்தான். "அவுரு அங்கி இன்னொரு தபா மேடை ஏறணும்டா" என்றாள்.

அதே கதைதான். கப்பலில் வந்த வியாபாரிகளுக்கு முகத்துவாரத்தை எழுதிக்கொடுக்கிற ராஜா. நீ முத்திரை வைக்கும்போதெல்லாம் மந்திரியான நான் உன் தோளில் ஒரு பிடி சாம்பல் தூவுவேன். கடைசியில் நீ அங்கியை உதறுவாய். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் வேட்டியைத் தட்டுவார்கள். சாம்பல் எட்டாத பின்வரிசைப் பெண்களும் எழுந்து தோளைத் தட்டுவார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் போகத் தினமும் கொடித்துணியை உதறி எடுக்கிற கை அல்லவா?

"யாருய்யா அந்த ராஜா?" என்று ஒருமுறை போலீஸ்காரர் கேட்டதற்கு, "செத்துப்போன ராஜா சார், அவுரு மேல இன்னா கேஸு போடுவீங்க?" என்றாயே. இப்போது அதை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

இந்த முறை மேடை போட்டுத் தந்த பெரிய மனிதர், "சாம்பலு கலீஜ்பா. பூ தூவு, லட்சணமா இருக்கும்" என்றார். அக்கா முகம் நினைவுக்கு வந்தது. "சரிண்ணே" என்றேன். பூ விழுந்தால் அவன் நல்ல ராஜா ஆகிவிடுவானே, மாமு? நீ என்ன சொல்லியிருப்பாய்?

புது மந்திரி சாமந்தி தூவத் தூவ முன்வரிசை கைதட்டியது. பின்னால் ஒரு சத்தமில்லை. உன் நாடகம் செத்தது என்றே நினைத்தேன். கடைசியில் அங்கியை உதறினேன். இதழ்கள் பறந்தன.

அக்கா எழுந்தாள். ஒன்றுமே விழாத தோளைத் தட்டினாள். பக்கத்தில் இருந்த மீன்காரம்மா, "இன்னாடி, பூவாமே பூவு!" என்று சிரித்துக்கொண்டே எழுந்து தட்டினாள். அப்புறம் காசிமேடே எழுந்து தட்டியது. மேடை போட்டவர் திரும்பிப் பார்த்தார். தன்னையறியாமல் வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"பாத்தியா மாமு!" என்று பக்கத்தில் திரும்பினேன். புது மந்திரி முழித்துக்கொண்டு நின்றான்.

அங்கியை என் அளவுக்குப் பிடித்துத் தைக்க மாட்டேன், மாமு. ஊக்கோடே போட்டுக்கொள்வேன், உள்ளே உன் இடம் அப்படியே இருக்கட்டும். யார் எதைத் தூவச் சொன்னாலும் சரி, கடைசியில் உதறிவிடுவேன்.

உன் பொண்டாட்டி தம்பி,
ராஜா வேஷம் போட்டும் உன் மந்திரி.